ஒரு வாய் காபி

காபித் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, விடியற்காலையில் காபி குடிக்காமல் இருப்பதென்றால் சாமானியமான காரியமா? சென்ற தை மாதத்தில், ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு அந்தச் சோதனை வந்தது.

அக்காவுக்கு வயது 47. சேர்வராயன் மலைச் சரிவில், சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளுமாக ஒரு சிறு தோட்டம். களத்தில் காபிப் பழம் காய்கிற சமயம், வேலைக்குக் குறைவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறாள். மாதவிலக்கு ஒழுங்கு தப்பிவிட்டது. வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நிற்காத போக்கு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "இந்த வயசிலே எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் சொன்ன சமாதானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வற்புறுத்திச் சேலத்துக்கு அழைத்துப் போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கருப்பையின் உட்சவ்வு தடித்திருக்கிறது. மெல்லிய குழாய்க் காமிராவால் உள்ளே பார்த்து, சவ்வைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. அரை மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். முழு மயக்கம் கொடுத்துச் செய்வோம்" என்றார்.

அத்தனை பேச்சில் அக்காவின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டுந்தான். அன்று இரவு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "வியாதியைப் பத்திக்கூட எனக்குப் பயமில்லேடி. தூங்க வச்சு, நான் முழிக்காமலே போயிட்டேன்னா?"

எட்டு மாதத் தாமதத்துக்கு உண்மையான காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாமியாரின் அன்பு

குறித்த நாளும் வந்தது. காலை எட்டரை மணிக்குச் சிகிச்சை. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் ஆகாரம் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் காலை ஆறு மணி வரை குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி மூடியிருந்த வேளையில், அக்காவின் மாமியார் ஆவி பறக்க ஒரு டம்ளரோடு வந்து நின்றாராம். "வெறும் வயித்தோட மலை இறங்கினா தலை சுத்தும்மா. ஒரு வாய் காபி என்ன பண்ணிடும்? டாக்டர்கிட்டே சொல்லிக்க வேணாம்." அக்காவால் தட்ட முடியவில்லை. ஒரு வாய் என்று ஆரம்பித்தது, டம்ளரின் அடி வரை போயிற்று.

எனக்கு இது தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடி எண்ணிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே அக்கா மலை இறங்கினாள். வளைவுகளில் அவளுக்கு எப்போதும் குமட்டல்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் வந்து பார்த்தவர் மயக்க மருந்து டாக்டர்; முப்பது வயதுக்கு மேல் இராத பெண்மணி. ஆடுகிற பல் உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை வந்ததுண்டா, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "மலைப் பாதையில் வாந்தி வருமா?" என்றும் கேட்டார். ஊர்ப்பேச்சு என்று நினைத்து அக்கா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கம்மா. பஸ்ஸிலே வாந்தி வர்றவங்களுக்கு மயக்கம் தெளிஞ்ச பிறகும் வர வாய்ப்பு அதிகம். ஆம்பளைங்களைவிடப் பெண்களுக்கு அதிகம். முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு மருந்து சேர்த்துக் கொடுத்துடுவேன்" என்றார்.

அடுத்த கேள்வி: "கடைசியா எப்போ, என்ன சாப்பிட்டீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி இட்லி."

டாக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. "காபித் தோட்டத்துக்காரங்க, காலையிலே காபி குடிக்காமலா வந்தீங்க? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்க."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பால் சேர்ந்த காபியை வயிறு ஒரு சாப்பாடாத்தான் எடுத்துக்கும். ஆறு மணி நேரம் போகணும். பதினோரு மணிக்கு மேலே வச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

தொண்டையும் தூங்கிவிடும்

ஒரு டம்ளர் காபிக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? விழித்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் புரையேறினாலும் இருமித் தள்ளிவிடுகிறோம். முழு மயக்கத்தில் அந்தக் காவலும் தூங்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வந்தால், தடுப்பாரில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிற்றின் அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். நியூயார்க்கில் கர்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் 44,016 கேஸ்களை ஆராய்ந்து, 66 தாய்மார்களுக்கு இந்த விபத்து நேர்ந்திருந்ததை 1946-ல் எடுத்துக் காட்டினார். இன்று இது மிக அபூர்வம். பட்டினி விதி அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அக்காவின் நகப்பூச்சைத் துடைத்தார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது முகம் வாடியது. நர்ஸ் அம்மாள் ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார், முகம் தெளிந்தது. விரலில் ஒரு சிறு கவ்வி மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று கணத்துக்குக் கணம் காட்டும் கருவி அது. அதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியரான டகுவோ அயோயாகி, ஆண்டு 1974. நகப்பூச்சும் கருத்த மருதாணியும் அதன் கணக்கைக் குழப்பக்கூடும்.

பிறகு நடந்ததை அக்கா சொன்னபடியே சொல்கிறேன்: "பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்தைக் கையிலே ஏத்தினாங்க. எண்ணச் சொன்னாங்க. மலைப் பாதையிலே இருபது எண்ணினேனா, இங்கே நாலு வரைக்கும்தான் ஞாபகம்."

அரை மணிக்கெல்லாம் கண் விழித்து அவள் கேட்ட முதல் கேள்வி: "எப்போ ஆரம்பிப்பாங்க?"

வாந்தியும் வரவில்லை.

விழித்திருக்கும் ஒருவர்

மயக்க டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நாம் தூங்கும் நேரம் முழுவதும் நம் தலைமாட்டில் விழித்திருந்து, மூச்சையும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. இதில் நம் நாட்டுப் பெண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் 1885-ல் சேர்ந்து, குளோரோபாரம் கொடுப்பதில் தேர்ந்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று கருதப்படுகிறார்.

அப்படி விழித்திருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றே: உண்மையைச் சொல்வது. காபி, மாத்திரை, லேகியம், பொடி எதையும் மறைக்க வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள், சகோதரிகளே! ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலும், இடையில் கண்டாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி கண்டாலும், வயதின் மேல் பழி போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்குப் பின் 24 மணி நேரம் தனியாக இருக்க வேண்டாம். வண்டி ஓட்டவோ பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ வேண்டாம். சில நாள் லேசான வலியும் கறையும் சகஜம். காய்ச்சல், துர்நாற்றம், மிகுந்த போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்றிரவு சேலத்திலேயே தங்கி, மறுநாள் மலை ஏறினோம். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: பயப்படும்படி ஒன்றுமில்லை. ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாள்.

மாமியாரிடம் அக்கா காபி விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. ஆனால் போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, விடியற்காலையில் முதலில் போய் வாசலில் நின்றவர் அவர்தானாம்.

"பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் கூடாது. குடிச்சிருந்தா டாக்டர்கிட்டே மறைக்காம சொல்லிடு!"