எண்ணூறு மீட்டர் ஓடுபாதை

நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் வாட்சோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கிர்க்கெனெஸ் வான்வழியே சுமார் 40 கிலோமீட்டர்தான். நடுவே கடல் உள்ளே புகுந்து கிடப்பதால் சாலை வெகுதூரம் சுற்றிப் போகிறது. விமானமோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரையில் இறங்கிவிடுகிறது. வடக்கு நார்வே முழுக்க இப்படித்தான். டிரோம்சோவின் பெரிய மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும், மாவட்ட வேலையாகப் போகும் அதிகாரியும் நகரப் பேருந்தில் ஏறுவதுபோல விமானத்தில் ஏறி இறங்குகிறார்கள். இவர்களைச் சுமப்பது 1934-இல் தொடங்கிய விடரோ நிறுவனம். அதன் எந்த விமானம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது விமானத் துறையின் மிக நுட்பமான கணக்குகளில் ஒன்று.

அந்தக் கணக்கு ஓடுபாதையிலிருந்து தொடங்குகிறது. 1968 ஜூலையில் ப்ரோன்னோய்சுண்ட், சாண்ட்நெஷோயன், மோஷோயன், மோ இ ரானா ஆகிய நான்கு ஊர்களில் சுமார் 800 மீட்டர் ஓடுபாதைகளைத் திறந்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே அதற்குமேல் சமதளம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செலவு அதிகம். இருபது பேர்கூட ஏற முடியாத ட்வின் ஆட்டர் விமானத்துக்கு அந்த நீளம் போதுமானதாக இருந்தது. திட்டம் வெற்றிபெற்றதும் அதே அளவில் மேலும் பல ஊர்களில் கட்டினார்கள். அன்று எடுத்த அந்த ஒரு முடிவு இன்றுவரை விமானம் வாங்குபவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

1993 முதல் அந்தப் பாதைகளில் 39 இருக்கைகள் கொண்ட டாஷ் 8-100 இறங்குகிறது. அதே குடும்பத்தில் 50 இருக்கைகள் உள்ள 300, 78 இருக்கைகள் உள்ள 400 ஆகிய வகைகளும் விடரோவிடம் உண்டு. 2018-இல் 114 இருக்கைகளுடன் எம்ப்ரேயர் இ190-இ2 ஜெட் வந்தது. உலகிலேயே அதை முதலில் பறக்கவிட்ட நிறுவனம் விடரோதான். கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. சிறிய விமானம் எல்லா ஊரிலும் இறங்கும், பெரியது சில ஊர்களில்தான் இறங்கும். பெரிய விமானம் பழுதானால் சிறியதை இரண்டு நடை அனுப்பிச் சமாளித்துவிடலாம். சிறியது பழுதானால் பெரியதை அனுப்ப வழியே கிடையாது. அதனால் எல்லா ஊருக்கும் பயன்படும்படி ஒரு மாற்று விமானம் நிறுத்திவைக்க வேண்டுமானால், அது இருப்பதிலேயே சிறிய வகையாகத்தான் இருக்க வேண்டும். பயணிகள் கூடினால் பெரிய விமானம் வாங்கலாம் என்ற வழக்கமான சிந்தனை இங்கே செல்லாது.

அடுத்து வயது. விமானத்தின் வயதை ஆண்டுகளில் மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறை மேலேறும்போதும் வெளியே காற்றழுத்தம் உள்ளே இருப்பதைவிட வெகுவாகக் குறைவதால் உடற்பகுதி கொஞ்சம் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இறக்கை வளைந்து நிமிர்கிறது, சக்கரக்கால்கள் தரையின் அடியை வாங்குகின்றன. இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதில் உலோகத்துக்குள் மயிரிழை விரிசல்கள் பிறக்கின்றன. 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானத்துக்கு 19 வயது. ஆனால் தீவுக்குத் தீவு தாவியே அது 89,000 முறைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது.

கண்டம் தாண்டிப் பறக்கும் பெரிய விமானம் நாளுக்கு இரண்டு முறை இறங்கினால் அதிகம். ஃபின்மார்க் கரையோரம் ஊர் ஊராக நின்று போகும் டாஷ் நாளுக்குப் பத்து முறை இறங்குவதாகவும், ஆண்டில் 300 நாள் பறப்பதாகவும் வைத்துக்கொண்டால், 3,000 வருகிறது. டாஷ் 8-100 வடிவமைக்கப்பட்டது 80,000 முறைக்கு. இருபத்தேழு ஆண்டில் அது தீர்ந்துவிடும்.

எனவே அட்டவணை போடுபவர் இன்றைய பயணிகளோடு இருபது ஆண்டுக்குப் பிந்தைய பயணிகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரே விமானத்தைக் குட்டி ஊர்களுக்கே ஓட்டினால் அது சீக்கிரம் மூப்படையும். எல்லாவற்றையும் சமமாகச் சுழற்றினால் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்கு வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசையைப் பிடிக்க வேண்டும். பெரிய பராமரிப்புக்கு விமானம் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் என்பதால், அந்த முறையும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். மாலையில் எந்த விமானம் மெக்கானிக் உள்ள ஊரில் தங்குகிறது என்பது வரை யோசித்தாக வேண்டும்.

இதற்கு நடுவே பணம். இந்தச் சிறு வழித்தடங்களில் பலவற்றை நார்வே அரசு ஏலம் விட்டு, மானியம் கொடுத்து நடத்துகிறது. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குத்தான். விமானம் முப்பது ஆண்டு உழைக்கக்கூடியது. அடுத்த ஏலம் கிடைக்குமா என்று தெரியாத நிறுவனம் புது விமானத்துக்குக் கடன் வாங்கத் தயங்குவது இயல்புதான்.

தயங்காமல் வாங்கப் போனாலும் கடையில் சரக்கு இல்லை. டாஷின் சிறிய வகைகளின் உற்பத்தி 2009-ஓடு நின்றுவிட்டது. 800 மீட்டரில் இறங்கும்படி ஏடிஆர் நிறுவனம் 2019-இல் ஏடிஆர் 42-600எஸ் என்ற வடிவத்தை அறிவித்தது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நேரே பிடிக்கப் பெரிய சுக்கான், தானாகவே பிடிக்கும் பிரேக் என்று திட்டம் நன்றாகவே இருந்தது. 2023 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். விடரோவும் ரோல்ஸ் ராய்ஸும் இத்தாலியின் டெக்னாமும் சேர்ந்து 2021-இல் அறிவித்த சிறிய மின்சார விமானத்தை, பேட்டரி இன்னும் தேறவில்லை என்று டெக்னாம் 2023-இல் நிறுத்திவைத்தது. உலகில் இத்தனை குட்டை ஓடுபாதைகளை நம்பியிருக்கும் நாடுகள் குறைவு. நூறு விமானம்கூட விற்காத ஒன்றுக்குத் தொழிற்சாலை எளிதில் துணிவதில்லை.

மிஞ்சியது பழையதை நீட்டிப்பதுதான். டாஷைத் தயாரித்த பாம்பார்டியர் நிறுவனம், டாஷ் 8-100இன் உறுப்புகளை மீண்டும் ஆராய்ந்து, தேய்ந்தவற்றை மாற்றி, எல்லையை 1,20,000 முறைக்கு உயர்த்தும் திட்டத்தை வகுத்தது. விடரோ அதில் சேர்ந்தது. மேலே போட்ட கணக்குப்படி கூடுதலாகக் கிடைத்த 40,000 முறை சுமார் பதின்மூன்று ஆண்டுக்கு வரும். இன்னொரு பக்கம் மோ இ ரானாவில் நீண்ட ஓடுபாதையோடு புதிய விமான நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அது திறந்தால் அங்கே பெரிய விமானங்கள் இறங்கலாம். அதனால் விடுபடும் டாஷ்களை, ஓடுபாதையை நீட்ட இடமே இல்லாத ஊர்களுக்கு ஒதுக்கலாம்.