பயணத்திலும் அறுபடாத காணொளி

இராதாபுரத்திலிருந்து வள்ளியூருக்குப் பேருந்தில் போகும் மாணவி ஒருத்தி கைப்பேசியில் பாடக் காணொளி பார்க்கிறாள் என வைத்துக்கொள்வோம். வழியில் கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்ததற்கு மாறுகிறது. அலைவரிசை ஏறி இறங்குகிறது. ஆனாலும் படம் பெரும்பாலும் நிற்பதில்லை.

காரணம், காணொளி முழு நீளமாக வருவதில்லை. வழங்கியில் அது சில நொடித் துண்டுகளாக, ஒவ்வொன்றும் 240, 480, 720 எனப் பல தரங்களில் வைக்கப்பட்டிருக்கும். முந்தைய துண்டுகள் வந்த வேகத்தையும் கையிருப்பையும் பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று கைப்பேசியே முடிவு செய்கிறது. (வழங்கி முடிவு செய்வதாகப் பலர் எண்ணுகிறார்கள்.) ஆப்பிளின் எச்எல்எஸ் (2009), பன்னாட்டுத் தரமான டாஷ் (2012) இரண்டும் இம்முறையே.

முன்கூட்டி வாங்கிய துண்டுகள் இடைச்சேமிப்பில் இருக்கும். இராதாபுரம் கால்வாயில் நீர்வரத்து நின்றபின்னும் குளத்து நீர் வயலுக்குப் பாய்வதுபோல, இணைப்பு விட்ட நொடிகளை இது ஈடுகட்டும். நேரலையில் இந்தக் குளம் சிறியது. அதனால் எளிதில் திக்கும். அந்தச் சிறிய இருப்பும் தாமதமே. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்த ஆரவாரம் கேட்ட பிறகுதான் நம் கைப்பேசியில் பந்து வீசப்படும்!

வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்தால் கைப்பேசியின் ஐபி முகவரி மாறி, பழைய டிசிபி இணைப்பு அறுந்துவிடும். செயலி புது இணைப்பில் அடுத்த துண்டைக் கேட்கும். 2021-இல் தரப்படுத்தப்பட்ட குவிக் நெறிமுறை, முகவரியை நம்பாமல் இணைப்புக்கென்று தனி அடையாள எண் வைத்திருப்பதால், முகவரி மாறினாலும் அதே இணைப்பைத் தொடர முடியும்.

தரத்தைத் தானியங்கு நிலையில் விட்டால், அலைவரிசை நன்றாக உள்ள இடத்தில் கைப்பேசி உயர்ந்த தரத்தைக் கேட்டு அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடும். கரும்பலகை எழுத்தைப் படிக்கப் பெரும்பாலும் 480 போதும். அமைப்பில் அதை நாமே குறித்துவிடலாம்.