எலுமிச்சம்பழ பூமி, கொண்டைக்கடலை நிலா!

"அம்மா, நிலா ஏன் இன்னிக்குப் பாதியா இருக்கு?" என்று குழந்தை கேட்டால் நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "போய்ப் படி, மிஸ்ஸைக் கேளு" என்கிறோம். இரண்டு தடவை இப்படிச் சொன்னால், மூன்றாவது தடவை குழந்தை கேட்காது. பதில் சொல்ல நமக்குப் பட்டம் தேவையில்லை, சகோதரிகளே! அடுக்களைச் சாமான்களே போதும். ஆறு வயது முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஏற்ற மூன்று சோதனைகள் இதோ.

எவ்வளவு தூரம்?

எலுமிச்சம்பழம்தான் பூமி. கொண்டைக்கடலைதான் நிலா. ஏறக்குறைய இதே அளவு வித்தியாசம்தான் நிஜத்திலும். "நிலாவை எங்கே வைக்கலாம்?" என்று குழந்தையையே வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே வைக்கும். பிறகு முப்பது எலுமிச்சம்பழம் வரிசையாக வைத்தால் வருகிற தூரத்தை அளந்து காட்டுங்கள். சுமார் நாலடி வரும். நிஜத்தில் அது சராசரியாக 3,84,000 கிலோமீட்டர். 2023 ஜூலை 14-ல் கிளம்பிய சந்திரயான்-3, ஆகஸ்ட் 23-ல்தான் நிலாவில் இறங்கியது. நாற்பது நாள் பயணம்!

பிறை எப்படி வருகிறது?

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பெரியவர்களே நினைப்பதுண்டு. அது சரியல்ல. இருட்டறையில் மூடியில்லாத ஒரு பல்பை எரிய விடுங்கள். அது சூரியன். வெள்ளைப் பந்தை ஒரு பென்சிலில் செருகி, குழந்தை கையில் கொடுங்கள். குழந்தையின் தலைதான் பூமி. பல்பைப் பார்த்து நின்று, பந்தைத் தலைக்குச் சற்று மேலே, கையை நீட்டிப் பிடிக்கட்டும். பந்தின் இருண்ட பக்கம்தான் தெரியும். அதுதான் அமாவாசை. அப்படியே மெள்ள இடப்பக்கமாகத் திரும்பினால் பிறை வளரும். பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி! பந்தைக் கொஞ்சம் இறக்கினால் தலையின் நிழல் அதில் விழும். அதுதான் சந்திர கிரகணம்.

மூன்றாம் பிறையிலிருந்து தினமும் நிலாவைப் பார்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். ஒரு சுற்று முடிய இருபத்தொன்பதரை நாள் ஆகும்.

பள்ளம் ஏன்?

வண்டு விழுந்த மைதா இருந்தால் கொட்டிவிடாதீர்கள். தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரம் பரப்பி, மேலே செம்மண் பொடியை மெல்லிசாகத் தூவுங்கள். கோலி குண்டை ஒரு முறை ஓரடி உயரத்திலிருந்தும், இன்னொரு முறை மூன்றடியிலிருந்தும் விடச் சொல்லுங்கள். எந்தப் பள்ளம் பெரிசு? அடியிலிருந்த வெள்ளை மாவு எப்படிச் சிதறுகிறது? விண்கற்கள் மோதி நிலாவில் பள்ளங்கள் வந்ததும் இப்படித்தான். அங்கே காற்று, மழை இல்லாததால் அவை அழிவதில்லை.

நிலாவின் மண்ணைப் போன்ற மண் நம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ அதைத்தான் எடுத்துப் போனது. சொல்லிப் பாருங்கள், குழந்தையின் கண் விரியும்!

கவனிக்க வேண்டியவை

மாவு விளையாட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பல்பைத் தொட விடாதீர்கள். நிலாவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் கண்ணைக் காப்பாற்றாது. பார்வை போனால் திரும்பாது.

இன்னொன்று, பதிலை முதலில் சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் சிரிக்காதீர்கள். கையால் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

தம்பி சோதனை செய்யும்போது அக்காவைப் பாத்திரம் கழுவ அனுப்பாதீர்கள். 2019-ல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் எம். வனிதா என்ற பெண்மணிதான். உங்கள் பெண்ணின் கையிலும் ஒரு கோலி குண்டைக் கொடுங்களேன்!