முதுகின் காயம் ஆறிய பின்னர்

நரம்புக் குழாய்க் குறைபாடு பற்றிய பேச்சு பெரும்பாலும் போலிக் அமிலத்துடன் முடிந்துவிடுகின்றது. கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக் குழாய் முழுமையாக மூடாது போவதே இக்குறைபாடாகும். போலிக் அமிலம் அதனைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991 இல் வெளியான ஆய்வொன்றின் மூலம் உறுதியாயிற்று. தடுப்பு அவசியமே. ஆயினும், முள்ளந்தண்டு பிளவுபட்ட நிலையில் பிறந்து இன்று இருபது, முப்பது வயதை எட்டியிருப்போரின் நிலை என்ன?

பிறந்த ஓரிரு நாட்களில் முதுகில் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. பலருக்கு மூளையில் தேங்கும் நீரை வயிற்றறைக்கு வடிக்கும் குழாயும் பொருத்தப்படுகின்றது. கண்டம் நீங்கிற்று என்று பெற்றோர் ஆறுதலடைகின்றனர். ஆனால், பழுதடைந்த நரம்புகளை அச்சத்திரசிகிச்சை மீட்டுத் தருவதில்லை.

அதன் விளைவை அதிகம் சுமப்பவை சிறுநீரகங்களே. சிறுநீர்ப்பை தானாக முற்றிலும் வெறுமையாவதில்லை. அதனுள் அழுத்தம் கூடி, சிறுநீர் பின்னோக்கிச் சென்று சிறுநீரகங்களைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றது. வலி எதுவும் தெரியாது. 1972 இல் அமெரிக்க வைத்தியர் ஜாக் லாபிடெஸ் இதற்கு எளிய வழியொன்றைக் காட்டினார். நாளில் பல தடவை கதீற்றரைத் தாமே செலுத்திச் சிறுநீரை அகற்றலாம். அதற்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கிருமியற்ற சூழல் தேவையில்லை, சுத்தமான கைகள் போதும் என்றார். பாடசாலைப் பிள்ளையும் பழகக்கூடிய முறை இது. தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத பாடசாலை மலசலகூடத்தில் மாத்திரம் அது தோற்றுப்போகின்றது.

சிக்கல் முற்றுவது வளர்ந்த பின்னரே. சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளையின் முழு வரலாற்றையும் அறிந்த ஒரு வைத்தியராவது இருப்பார். பெரியவர்களுக்கான வைத்தியசாலையிலோ மூளைக்கு ஒரு கிளினிக், சிறுநீரகத்துக்கு இன்னொன்று, எலும்புக்கு வேறொன்று. அலைந்து களைத்த இளைஞர் நோயில்லை என எண்ணிச் செல்வதையே நிறுத்திவிடுகின்றார். இதனை அவரது அலட்சியம் என்று கூறுவது நியாயமன்று. வடிகுழாய் அடைபட்டதால் வரும் தலைவலி சாதாரண தலைவலியாகக் கொள்ளப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நடந்து திரிந்தவரின் நடை தளர்ந்தால், முண்ணாண் தழும்புடன் ஒட்டி இழுபடுகின்றதா எனப் பரிசோதிக்க வேண்டும். உணர்வற்ற பாதங்களைத் தினமும் கண்ணால் பார்த்தே காயத்தை அறிய முடியும். பலருக்கு இறப்பர் கையுறை ஒவ்வாமை இருப்பதால் பல் வைத்தியரிடமும் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இவர்களுள் பலர் திருமணம் செய்து பிள்ளை பெறவும் இயலும். அவ்வாறு தாயாக விரும்பும் பெண், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, ஏனையோருக்கு வழங்கப்படுவதிலும் பல மடங்கு கூடிய அளவில் போலிக் அமிலத்தை வைத்திய ஆலோசனைப்படி உட்கொள்ள வேண்டும்.