தொட்டிக்கும் வேண்டும் ஒரு கலிங்கு

மழைநீர்த் தொட்டியின் மதிப்பை அது எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் கொண்டே பலரும் அளக்கின்றனர். ஆனால் கூரையிலிருந்து இறங்கும் நீரோடு ஒப்பிட்டால் வீட்டுத் தொட்டிகள் எல்லாமே சிறியவை என்பதால், நிரம்பிய பின் வரும் நீர் எவ்வழியே வெளியேறும் என்ற கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். இக்கணக்குப்படி 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 5 அல்லது 6 மி.மீ. மழை பெய்தாலே 500 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவான 49 செ.மீ. மழையை இதே மாடியின் மீது வைத்து எண்ணினால், ஏறத்தாழ 49,000 லிட்டர் நீர், அதாவது அத்தகைய தொட்டிகள் 98 நிரம்பும் அளவு, ஒரே நாளில் இறங்கியிருக்கும்.

ஏரி வெட்டிய முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். வயலுக்கு நீர் திறக்கும் மதகு வேறாகவும், ஏரி நிறைந்தபின் மிகுதியைக் கரைக்கு ஊறு நேராமல் வெளியேற்றும் கலிங்கு வேறாகவும் அமைக்கப்பட்டன. ஏனெனில் மண்கரையின் மேல் நீர் ஏறி வழியத் தொடங்கினால் அது கரையை அரித்து உடைத்துவிடும். தென் மாவட்டங்களில் மறுகால் பாய்தல் எனப்படும் அந்த வெளியேற்றம் வீணும் அன்று, அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுவே வரத்து. பிளம்பர்கள் ஓவர்ஃப்ளோ பைப் என்று சொல்லும் உபரிநீர்க் குழாய், வீட்டுத் தொட்டிக்கு அமைந்த கலிங்கே ஆகும்.

அந்தக் குழாயின் அகலத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. மாடியிலிருந்து செங்குத்தாக வரும் குழாயில் நீர் பல மீட்டர் உயரத்திலிருந்து விழுவதால் வேகம் பெறுகிறது. கிடையாகப் பொருத்தப்படும் உபரிநீர்க் குழாயிலோ, அதன் வாயின் மையத்துக்கு மேல் நிற்கும் சில செ.மீ. நீரின் அழுத்தம் மட்டுமே நீரைத் தள்ளுகிறது. நீரியலில் அழுத்த உயரம் எனப்படும் இவ்வுயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வெளியேறும் நீரின் வேகம் கூடும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்டறிந்தார். ஆகவே வேகம் இருமடங்காக வேண்டுமெனில் அழுத்த உயரம் நான்கு மடங்காக வேண்டும். மணிக்கு 50 மி.மீ. வீதம் பெய்யும் மழையில் முன்சொன்ன மாடி நொடிக்கு 1.4 லிட்டர் வரை நீர் தரும். 50 மி.மீ. விட்டமுள்ள குழாய் 5 செ.மீ. அழுத்த உயரத்தில் நொடிக்குச் சுமார் 1.2 லிட்டரை வெளியேற்றுவதால், நீர்மட்டம் இன்னும் சற்று உயர்ந்ததும் வரவும் செலவும் சமமாகிவிடும். 25 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்போ அதில் நான்கில் ஒரு பங்கே. அதே அளவு நீரை அது வெளியேற்ற வேண்டுமாயின் அழுத்த உயரம் 16 மடங்காகி 80 செ.மீ.க்கு மேல் ஏற வேண்டும். தொட்டியின் மேற்புறத்தில் அவ்வளவு இடம் இராது, நீர் மூடியைத் தூக்கிக்கொண்டு வழியும். நான்கு அங்குலக் குழாயில் நீரைக் கொண்டுவந்து ஓர் அங்குலக் குழாயில் வெளியேற்ற முனைவது, அளவில் மட்டுமன்றி அடிப்படையிலேயே தவறு. உபரிநீர்க் குழாய் வரத்துக் குழாயை விடச் சிறியதாக இருத்தல் கூடாது என்னும் விதி இக்கணக்கிலிருந்து பிறந்ததே.

அகலம் சரியாக இருந்தும் தொட்டி காலியாகும் விந்தை ஒன்று உண்டு. உபரிநீர்க் குழாயின் உட்புற முனை தொட்டிக்குள் கீழ்நோக்கி வளைந்து நீரில் அமிழ்ந்திருக்க, வெளிப்புறம் எல்போ எனப்படும் வளைவுத்துண்டு வைத்துத் தரை வரை இறக்கப்பட்டிருந்தால், பெருமழையில் குழாய் முழுவதும் காற்றின்றி நிரம்பியதும் வெளியே இறங்கும் நீரின் எடை உள்ளிருக்கும் நீரையும் இழுக்கத் தொடங்கும். இதுவே சைஃபன் விளைவு. மழை நின்ற பின்னும், உட்புற முனை வரை நீர் வடிந்தபடியே இருக்கும். வெளிப்புற வளைவில் எல்போவுக்குப் பதிலாக டீ எனப்படும் மூவாய் இணைப்புத்துண்டு ஒன்றைப் பொருத்தி, மேல்வாயைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் அந்த இழுப்பு அறுபடும்.

திறந்திருக்கும் வாய்கள் கொசுவுக்கும் வழியாகும் என்பதை மறத்தல் ஆகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு வீட்டருகே தேங்கும் தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். உலர்ந்த முட்டைகளும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. எனவே குழாய் முனையில் நுண்கண் வலை கட்டாயம். வலை நீரோட்டத்தைத் தடுக்கும், இலைச் சருகால் அடைபடும் என்பதால், குழாயை விட அகன்ற முனைத்துண்டு ஒன்றைச் சேர்த்து அதன்மேல் வலையைக் கட்டுவது நல்லது.

வெளியேறும் நீர் தொட்டியின் அடியிலேயே விழுமானால் மண் அரிக்கப்பட்டு, நிறைந்த நிலையில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு டன் கனக்கும் தொட்டி சாயக்கூடும். அந்நீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவது அதைவிடக் கேடானது. கழிவுநீருக்கென அளவிட்ட குழாய்கள் மழைநீரைத் தாங்காமல் தெருவில் பொங்குகின்றன. 2003இல் தமிழ்நாட்டில் அனைத்துக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை அடுத்து, பல வீடுகளில் நீரை நிலத்துள் இறக்கும் உறிஞ்சுகுழியோ கிணறோ முன்பே உள்ளது. அடித்தளத்திலிருந்து விலகியிருக்கும் அக்குழிக்கு உபரிநீரைச் செலுத்தினால், தொட்டியின் மறுகால் நிலத்தடி நீருக்கு வரத்தாகும்.

ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், தொட்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் வரத்துக் குழாயின் வாயையும் உபரிநீர்க் குழாயின் வாயையும் ஒருமுறை அளந்து பார்த்து, பின்னது சிறியதாயின் இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும்.