தவிட்டோடு போகும் இரும்பு

அரிசியில் உள்ள தாதுச்சத்து ரகத்துக்கு ரகம் மாறும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அளந்து பார்த்தது. தவிடு நீக்காத அரிசியில் கிலோவுக்கு இரும்பு 6 மில்லிகிராம் முதல் 24 வரையிலும், துத்தநாகம் 14 முதல் 58 வரையிலும் இருந்தன. இரும்பு மிகுந்தவற்றில் இந்தியாவின் ஜல்மக்னா போன்ற பழைய ரகங்களும் உண்டு.

ஆனால், சோற்றுத் தட்டுக்கு வருவது இந்த அளவு அல்ல. அரிசியின் இரும்பு பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. ஆலையில் தீட்டும்போது இவை இரண்டும் போய்விடுவதால், கடைகளில் கிடைக்கும் வெள்ளை அரிசியில் பொதுவாகக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவே மிஞ்சும். துத்தநாகம் அப்படி ஓரத்தில் ஒதுங்குவதில்லை. உள்ளே மாவுப் பகுதியிலும் பரவியிருப்பதால் தீட்டிய பிறகும் பெரும்பகுதி தங்கும். ஆக, துத்தநாகத்துக்கு ரகம் முக்கியம். இரும்புக்கு ரகத்தைவிட ஆலையே முக்கியம்.

அப்படியானால் கைக்குத்தல் அரிசியே போதுமே என்று தோன்றலாம். கணக்கு அவ்வளவு எளிதல்ல. தவிட்டில் இரும்போடு ஃபைட்டிக் அமிலமும் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பாக இருப்பதால் அதில் இரும்பு அதிகம் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் நிறத்தில் இல்லை. சிவப்பைத் தருவது தவிட்டிலுள்ள துவர்ப்புப் பொருள்கள். கருப்புக் கவுனியின் கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின். அந்தத் துவர்ப்புப் பொருள்களும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைப்பவைதான். பாரம்பரிய ரகங்களை விரும்பி உண்ண வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நிறத்தைப் பார்த்து இரும்பைக் கணிப்பது அவற்றில் சேராது.

மண்ணும் இதில் பங்குகொள்கிறது. துத்தநாகம் குறைந்த வயலில் எந்த ரகமும் தன் முழு அளவை எட்டாது. அன்றைய உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெல்லைத் தாக்கிய கைரா நோய் துத்தநாகக் குறைபாட்டால் வருவது என்று 1966இல் பந்த்நகரில் கண்டறியப்பட்டது.

சத்தைக் கூட்டும் இனப்பெருக்க முயற்சிகளில் துத்தநாகம் முந்தியிருக்கிறது. வங்கதேசம் 2013இல் பிரி தான் 62 என்ற ரகத்தை வெளியிட்டது. இந்தியாவில் வந்த டி.ஆர்.ஆர். தான் 45, தீட்டிய நிலையிலேயே கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் கொண்டது. சாதாரண ரகங்களில் இது 16ஐ ஒட்டி இருக்கும். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு இந்த மாற்றத்தால் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது.

இரும்பில் இந்த வேகம் இல்லை. ஐ.ஆர். 72 ரகத்தை ஜாவா போண்டே என்ற பழைய ரகத்தோடு ஒட்டி உருவாக்கிய ஐ.ஆர். 68144 அரிசியை, மணிலா பகுதிக் கன்னியர் மடங்களைச் சேர்ந்த 192 பேரை வைத்து 9 மாதம் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு இந்த அரிசி, மற்றவர்களுக்கு உள்ளூர் அரிசி. இரத்தசோகை இல்லாதவர்களின் உடலில் இரும்புச் சேமிப்பு ஓரளவு உயர்ந்தது, ஹீமோகுளோபின் உயரவில்லை. 2005இல் இம்முடிவு வெளியானது. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 13 மில்லிகிராம் இரும்பு என்பதே இனப்பெருக்க ஆய்வாளர்கள் வைத்த இலக்கு. வழக்கமான ஒட்டு முறையால் அதை எட்ட முடியாததால், சோயாவின் ஃபெரிட்டின் மரபணுவை நெல்லில் சேர்ப்பது போன்ற மரபணு மாற்ற வழிகளை ஆய்வாளர்கள் நாடியுள்ளனர்.