எண்ணெய் ஏன் மேலே நிற்கிறது?
சமையலறையில் ஓர் அறிவியல் பாடம்



உங்கள் சமையலறையிலுள்ள ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து, அதில் அச்சிடப்பட்டுள்ள அளவைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கொள்ளளவு 1 லிட்டர் என்றும் எடை 910 கிராம் என்றும் பல பாக்கெட்டுகளில் காணப்படும். ஒரு லிட்டர் தண்ணீரோ ஏறக்குறைய 1,000 கிராம் எடையுள்ளது. அப்படியானால் 90 கிராம் எங்கே போயிற்று? வியாபாரி அளவில் குறைத்துவிட்டாரா?

இல்லை. பாக்கெட்டில் முழு லிட்டரும் இருக்கிறது. ஒரே அளவு இடத்தை நிரப்பினாலும் எல்லாத் திரவங்களும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஒரு குறிப்பிட்ட கொள்ளளவில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதையே 'அடர்த்தி' என்கிறோம். மராத்தி வழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இதனைக் 'கனதா' என்று படிக்கிறார்கள். நம்முடைய 'கனம்' என்ற சொல்லை அது நினைவூட்டுகிறதல்லவா?

ஹடப்சரில் குடியேறிய நம் குடும்பங்களில் தந்தை தொழிற்பேட்டைக்கோ மகர்பட்டாவிலுள்ள அலுவலகத்திற்கோ சென்று இரவில் திரும்புகிறார். பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படிக்கிறார்கள். "நான் தமிழில் படித்தவள், என் பிள்ளைக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது" என்று எண்ணித் தயங்கும் தாய்மார் பலர். அவர்களுக்காகவே இந்தச் சோதனையைத் தருகிறோம். இதற்கு வேண்டிய பொருட்கள் யாவும் வீட்டிலேயே உள்ளன. வேண்டிய சொற்களும் நம் தாய்மொழியிலேயே உள்ளன.

முதல் சோதனை: மூன்று அடுக்குகள்

தேவையானவை: உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்று, ஆறவைத்த கெட்டியான வெல்லப்பாகு அல்லது தேன், சிறிது பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர், கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெய் புனேயின் மார்கழிக் குளிரில் உறைந்துவிடுமாதலால், குளிர்காலத்தில் கடலை எண்ணெயே ஏற்றது.

தொடங்குமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இம்மூன்றில் எது அடியில் நிற்கும், எது மேலே நிற்கும்?" அவரவர் விடையை ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். "எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியானது, ஆகையால் கீழே போகும்" என்று சிலர் சொல்லக்கூடும். திருத்தவேண்டாம். தம்ளரே அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

தம்ளரின் கால்பாகத்திற்குப் பாகை ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகுப்புறத்தைத் தாங்கலாகப் பிடித்து, சிவந்த தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். பின்பு அதேவிதமாக எண்ணெயை ஊற்றுங்கள். அடியில் பாகும், நடுவில் சிவந்த நீரும், மேலே பொன்னிற எண்ணெயுமாக மூன்று அடுக்குகள் தெளிவாய் நிற்கும்.

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், கடலை எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.91, தேனின் அடர்த்தி சுமார் 1.4. அடர்த்தி மிகுந்தது அடியிலும் குறைந்தது மேலேயும் நிற்கிறது. எண்ணெய் பிசுபிசுப்பானது என்பது உண்மையே. ஆனால் பிசுபிசுப்பு வேறு, அடர்த்தி வேறு. கையால் தொட்டு அறிந்ததைக் கண்ணால் கண்டது திருத்துகிறது.

இப்பொழுது ஓர் இரும்பு ஆணி, ஒரு திராட்சைப்பழம், மருந்து நீக்கிய ஒரு தீக்குச்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ப் போடுங்கள். ஆணி அடிமட்டத்திற்குச் செல்லும். திராட்சை எண்ணெயையும் நீரையும் கடந்து, பாகின் மேல் தங்கும். தீக்குச்சி எண்ணெயின் மேலேயே மிதக்கும். கடைசியில் எல்லாவற்றையும் கலக்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும். பாகோ நீரில் கரைந்துபோனபடியால் பிரியாது. தம்ளரில் உள்ளதைப் பருகவேண்டாம். மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துக் கதவுக் கீல்களுக்கு விடலாம்.

இரண்டாம் சோதனை: மிதக்கும் முட்டை

ஒரு தம்ளரில் சுமார் 200 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் புதிய முட்டை ஒன்றை மெதுவாக இடுங்கள். அது அடியில் கிடக்கும். முட்டையை வெளியே எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி உப்பைப் போட்டு நன்றாய்க் கரைத்து, மீண்டும் இடுங்கள். இம்முறை முட்டை மிதக்கும். முட்டை மாறவில்லை, தண்ணீரின் அடர்த்தியே கூடியது. வேதாகமத்தில் உப்புக்கடல் என்று அழைக்கப்படும் சவக்கடலில் மனிதர் முயற்சியின்றி மிதப்பதும் இதனாலேயே. சாதாரணக் கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு உள்ளது. சவக்கடலிலோ அது 30 சதவீதத்திற்கும் அதிகம்.

இந்த முட்டைச் சோதனை நம் ஊர் உழவர்களுக்குப் புதியதல்ல. நல்ல விதைநெல்லைத் தெரிந்தெடுக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இதுவே. ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீரெடுத்து, அதில் புதிய முட்டையை இட்டு, சிறிது சிறிதாக உப்பைக் கரைக்கவேண்டும். முட்டை மேலே வந்து, அதன் ஓடு சுமார் 2.5 செ.மீ. அகலத்திற்கு வெளியே தெரியும்போது உப்புக்கரைசல் ஆயத்தம். அதில் விதைநெல்லைக் கொட்டினால், பதரும் அரைகுறையாய் விளைந்த மணிகளும் மிதக்கும். நன்கு விளைந்த மணிகள் அமிழும். மிதப்பவற்றை நீக்கி, அமிழ்ந்த விதையை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவியே விதைப்பார்கள். கழுவாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வயலில் பாடுபட்ட தாத்தாவிடம் இதைப்பற்றிப் பிள்ளைகள் கேட்கட்டும். பாடப்புத்தகத்தில் ஒரு சூத்திரமாய்ப் படித்ததைத் தங்கள் குடும்பத்தார் களத்துமேட்டில் செய்துவந்தார்கள் என்று அறியும் பிள்ளை, பெற்றோரின் பிறப்பிடத்தையும் மொழியையும் தாழ்வாக எண்ணாது.

உயிர் காக்கும் அறிவு

இந்தப் பாடத்தில் ஒன்றைப் பிள்ளைகளும் பெரியவர்களும் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும். வாணலியிலுள்ள எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றலாகாது. தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்ததாகையால் உடனே அடியில் செல்லும். அங்குள்ள கடும் வெப்பத்தால் நொடியில் நீராவியாகிச் சுமார் 1,600 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியெறியும். சிறிய வீடுகளில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. கூடுமானால் அடுப்பை அணைத்து, வாணலியை உலோக மூடியால் மூடி, ஆறும்வரை அசைக்காமல் விட்டுவிடவேண்டும். தீ பரவினால் உடனே வெளியேறி, பிறரை உதவிக்கு அழைக்கவேண்டும். பிள்ளைகள் தாங்களாக அணைக்க முயலக்கூடாது.

நமது நகரில் ஒரு முன்மாதிரி

வீட்டில் கிடைக்கும் எளிய பொருட்களைக் கொண்டு அறிவியல் கற்பிப்பதில் புனே நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் பணிபுரிந்த திரு. அரவிந்த் குப்தா, பின்னர் அவ்வேலையை விட்டு, தீக்குச்சி, பழைய செய்தித்தாள், உறிஞ்சுகுழல் முதலியவற்றால் அறிவியல் பொம்மைகள் செய்து பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தம் பணியாக்கிக்கொண்டார். ஹடப்சருக்கு நகரின் மறுகோடியில், பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அயூக்கா வானியல் நிறுவனத்தின் சிறுவர் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய நூல்கள் பல இந்திய மொழிகளில் வெளிவந்துள்ளன. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாததால் பிள்ளையின் அறிவு தடைப்படவேண்டியதில்லை என்பதற்கு அவருடைய பணி சாட்சி.

விசுவாசமும் சோதனையும்

"இப்படிப்பட்ட சோதனைகள் பிள்ளையின் விசுவாசத்தைக் குறைக்குமோ?" என்று அஞ்சவேண்டாம். இரண்டாம் இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தில், யோர்தானருகே மரம் வெட்டுகையில் இரவல் வாங்கிய கோடரி தண்ணீரில் விழுந்ததும், எலிசா ஒரு கொம்பை வெட்டி எறிய இரும்பு மிதந்ததும் எழுதப்பட்டுள்ளது. இரும்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 7.9 மடங்கு. அது அமிழும் என்பதை அந்தத் தீர்க்கதரிசிகளின் புத்திரர் நன்கறிந்திருந்தார்கள். அதனால்தான் கோடரியை இழந்தவன் கூப்பிட்டான். அதனால்தான் நடந்தது அற்புதம் என்று அவர்களுக்குப் புரிந்தது. எது வழக்கம் என்று அறியாதவனுக்கு எது அற்புதம் என்றும் விளங்காது. காற்றுக்கு நிறையையும் தண்ணீருக்கு அளவையும் நியமித்தவர் தேவனே என்று யோபு 28-ம் அதிகாரமும் கூறுகிறது.

ஆகவே பெற்றோரே, வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஓர் அரைமணி நேரம் பிள்ளைகளோடு சமையலறையில் அமருங்கள். கேளுங்கள், ஊகிக்கச் சொல்லுங்கள், செய்து பார்க்கட்டும், கண்டதைக் கண்டபடியே சொல்லட்டும். தங்கள் ஊகம் தவறென்று கண்டால் அதை மறைக்காமல் தாளில் திருத்தி எழுதட்டும். பள்ளியில் அதே பாடம் வேறு மொழியில் வரும்போது, அம்மாவோடு செய்த சோதனை அவர்கள் நினைவுக்கு வரும்.

கர்த்தர்தாமே உங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் அறிவையும் தந்து, உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.